பகுதிநேர வேலையை நம்பி பிஎச்.டி.க்குக் கிளம்பாதீர்கள்

"இடம் கிடைச்சிருச்சு அண்ணா, உதவித்தொகைதான் இல்ல. அங்க போய் ஏதாவது வேலை பார்த்துச் சமாளிச்சுக்கிறேன்." வெளிநாட்டில் பிஎச்.டி. இடம் கிடைத்ததும் இப்படி எழுதும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

கணக்கு உதைக்கும். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசா என்றால் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. உதவித்தொகைக்காகப் பார்க்கும் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) பணியே பெரும்பாலும் 20 மணி நேரம். வரம்பு அதிலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் விசாவுக்கு ஆபத்து. பிரிட்டனிலும் 20 மணி நேரம்தான். ஆஸ்திரேலியாவில் பிஎச்.டி. மாணவர்களுக்கு மணிக்கணக்கு வரம்பு இல்லை, சரி. ஆனால் ஆய்வை எப்போது செய்வீர்கள்?

எனக்கு உதவித்தொகை இருந்தது. இருந்தும் அடிபட்டேன். நியமனக் கடிதத்தில் தொகையை மட்டும் பார்த்தேன். "ஒன்பது மாதங்களுக்கு" என்ற வரி கண்ணில் படவில்லை. மே மாதத்தோடு சம்பளம் நின்றது. கோடை முழுக்க வளாக உணவகத்தில் தட்டுக் கழுவினேன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஆய்வகம் திரும்பி, மைக்ரோஸ்கோப் முன்னாலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது அத்தனை மாதிரிகளும் காய்ந்து கிடந்தன. மூன்று வார உழைப்பு!

உதவித்தொகை வாங்குபவர்களுக்கே வாடகை பெரும்பாடு. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உட்பட சுமார் 48,000 பேர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்படியிருக்க, ஒன்றுமே இல்லாமல் போவது எப்படிச் சரியாகும்?

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கமும் தேடுங்கள். அங்கே பல பிஎச்.டி. இடங்கள் ஒப்பந்தமும் சம்பளமும் உள்ள வேலைகள். ஜெர்மன் விளம்பரத்தில் "ஈ13, 65%" என்று இருந்தால், ஈ13 என்ற சம்பள நிலையின் முழுச் சம்பளத்தில் 65% தான், அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன், என்று கணக்கு. ஆய்வகத்தில் இருப்பதோ பெரும்பாலும் முழுநேரம். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் பட்டத் திட்டங்களையும் விடாதீர்கள்.

சேரும் முன் கேளுங்கள். பணம் 9 மாதமா, 12 மாதமா? கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடியா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? வழிகாட்டியின் ஆராய்ச்சி நிதி பாதியில் தீர்ந்தால் என்ன ஆகும்? முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும்? அப்புறம், அதே ஆய்வகத்தில் இப்போது படிப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பேராசிரியர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கடிதத்தில் ஏதாவது வரி புரியவில்லையென்றால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.