சருகைக் கொஞ்சம் விட்டுவைப்போம்

எங்கள் புளோக்கை அடுத்த பூங்கா இணைப்புப் பாதையின் ஓரத்தில் சருகு மண்டிவிட்டது, புதர்களை வெட்டி மண் தெரியும்படி துப்புரவாக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சிலர் நகர மன்றத்துக்குக் கொடுக்கக் கையெழுத்துத் திரட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு; ஆனாலும் நான் கையெழுத்திடப் போவதில்லை. அந்தச் சருகில்தான் ஒரு பக்கிக்குருவி பகல் முழுவதும் படுத்திருக்கிறது.

இருட்டியதும் கட்டையைத் தட்டுவதுபோல் ‘டொக், டொக்’ என்று விட்டுவிட்டு ஒலிக்கும் குரலைச் சிங்கப்பூரில் பலரும் கேட்டிருப்பார்கள். அது இந்தப் பறவையின் குரல்தான். இரவில் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு, விடிந்தபின் தரையில் அமர்ந்துவிடும். பழுப்பும் சாம்பலும் கறுப்பும் கலந்த இறகுகள் காய்ந்த இலைகளோடு இழைந்துபோவதால், ஒருவர் விரல் நீட்டிக் காட்டினாலும் எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாது. பெரிய கண்களை மெல்லிய கீற்றாக இடுக்கிக்கொண்டு, ஆள் மிக அருகில் வரும்வரை அசையாமல் கிடக்கும். கூடு கட்டும் வழக்கமும் அதற்கு இல்லை; முட்டையை அப்படியே சருகின்மேல் இடும். ஜாம்பியாவில் தரையில் முட்டையிடும் பறவைகளைப் பற்றி 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஒவ்வொரு பறவையும் தன் இறகுக்கோ முட்டைக்கோ பொருந்தும் இடத்தையே தேர்ந்தெடுக்கிறது என்று காட்டியது. அப்படிப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டால், பூனைக்கும் பாம்புக்கும் நாமே அதைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

எல்லாப் பறவைகளும் ஒளிந்தே பிழைப்பதில்லை. சாவக மைனாக்கள் அந்தியில் சாலையோர மரங்களில் பெருங்கூட்டமாகக் கூடிக் கூச்சலிடுவது நமக்குத் தொல்லைதான் என்றாலும், பல கண்கள் காவல் இருப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. வாத்துகளை வைத்து 1999இல் செய்யப்பட்ட ஆய்வில், வரிசையின் ஓரத்தில் உறங்கியவை வெளிப்புறம் நோக்கிய கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டது தெரியவந்தது. தேன்சிட்டு, தையல்சிட்டு போன்ற சிறு பறவைகளுக்கு அத்தகைய கூட்டம் கிடையாது. அடர்ந்த இலைமறைவும் மெல்லிய கிளைகளும்தான் அவற்றின் இரவுத் தங்கல். நாம் வெட்டச் சொல்லும் புதர் அதுதான்.

ஓய்விடத்தின் அருமை இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் கடல்நீர் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும் வேளையில், வலசை வந்த உள்ளான்கள் நின்று இளைப்பாறுவதற்காகக் குளங்களின் நீர்மட்டத்தை மதகுகள் மூலம் குறைத்துவைக்கிறார்கள். அங்கே அத்தனை அக்கறை காட்டிவிட்டு, வீட்டு வாசலில் உறங்கும் பறவையை விரட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கொசு பெருகும் என்ற கவலை நியாயமானது. வடிகாலிலும் தண்ணீர் தேங்கும் எந்த இடத்திலும் இலைகளை அகற்றியே ஆகவேண்டும். மண்ணோடு படிந்து மட்கும் சருகை அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். பாம்பு வரும் என்போருக்காக, நடைபாதையையும் அதன் இரு ஓரங்களையும் நன்றாகப் பெருக்கட்டும். அதற்கப்பால் மரங்களின் அடியில் உள்ள பகுதியை மட்டும் தொடாமல் விடட்டும். இதைத்தான் தனிக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உடன்படும் அண்டை வீட்டார் அதில் கையெழுத்திடலாம். பறவையைப் பார்க்க விரும்புவோர் பாதையில் நின்றே பார்க்கட்டும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.