எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும்

சகோதரரே, பசியுள்ளவனுக்கு உதவினால் இருளில் உன் வெளிச்சம் உதிக்கும் என்கிற ஏசாயா 58:10-ஐக் காட்டி, "ஊழியம் செய்தால் துக்கம் ஓடிவிடும், மனநல மாத்திரை விசுவாசக் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை. உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரரை ஒடுக்கியவர்களைக் கண்டிக்கிற அதிகாரம் அது. மனம் உடைந்தவருக்கு எழுதிய மருந்துச்சீட்டு அல்ல.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் இரண்டு முறை தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் எலியாவின் மனக்குறையைத் தேவன் கேட்ட பிறகுதான் அவருக்கு அடுத்த வேலை. தம் நண்பன் லாசரு இறந்தபோது, அவன் கல்லறைக்குப் போகும் முன் இயேசுவும் அழுதார் (யோவான் 11:35). அதை யாராவது விசுவாசக் குறைவு என்போமா?

ஊழியம் உதவாது என்று நான் சொல்லவே மாட்டேன். என் மனைவி இறந்துபோன பிறகு, சபையாரோடு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் கூட இருப்பவர்களுக்கு இட்லிப் பொட்டலம் கொடுக்கப் போனேன். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, "நீங்க சாப்ட்டீங்களாய்யா?" என்றார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் துக்கம் ஓடிவிடவில்லை. மாத்திரையும் எடுத்தேன், ஜெபமும் பண்ணினேன்.

படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் "போய் ஊழியம் செய்" என்றால் குற்ற உணர்ச்சிதான் கூடும். இதைப் படிப்பவர்களில் அப்படி யாராவது இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.