வெயில்ல நாயை மிஷன் பீக் ஏத்தாதீங்க, ப்ளீஸ்

ஸ்கூல் லீவு விட்டாச்சு, இனிமே சனி ஞாயிறு ஆனா கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் தமிழ் ஜனம் பாதி நம்ம ஊர் மிஷன் பீக் மலையிலதான் இருக்கும். தாராளமா ஏறுங்க. ஆனா வீட்ல சாவகாசமா டிபன் முடிச்சுட்டு பதினோரு மணிக்கு ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ அடிவாரத்துல வந்து இறங்கி, நாயையும் இழுத்துக்கிட்டு ஏறுறீங்க பாருங்க, பார்க்கிறப்போ எனக்கு வயித்தைப் பிசையுது.

ஒரு பக்கமே மூணு மைல், 2000 அடிக்கு மேல ஏத்தம், வழியில நிழலே அபூர்வம். நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும், தொப்பி இருக்கு, ஷூ இருக்கு. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும், மத்த சூடெல்லாம் மூச்சு வாங்கித்தான் வெளிய போகணும். முடியலன்னு அதுக்குச் சொல்லத் தெரியாதுங்க, நீங்க நடக்குற வரைக்கும் அதுவும் பின்னாடியே வரும். ஈறு செக்கச்செவேல்னு ஆகி, எச்சில் கெட்டியா வழிஞ்சு, நடை தள்ளாடுச்சுன்னா அது வெறும் களைப்பு இல்ல, ஹீட் ஸ்ட்ரோக். உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி நனைச்சு நேரா டாக்டர்கிட்ட ஓடணும்.

எல்லாரும் பாம்பு இருக்கான்னுதான் கேக்குறாங்க. இருக்கு, ராட்டில்ஸ்னேக் இருக்கத்தான் செய்யுது, புல்லுக்குள்ள விடாம பாதையில நடத்துங்க. ஆனா நான் அதைவிட பயப்படுறது ஃபாக்ஸ்டெயிலுக்கு. மே மாசத்துக்கு மேல மலை பூரா காஞ்சு பொன்னிறமா அழகா நிக்குதே, அந்தப் புல்லோட கதிர்தான். தூண்டில் முள்ளு மாதிரி உள்ள போகும், திரும்பி வராது. எங்க நாய் கறுப்பனுக்கு முன்னங்கால் விரல் இடுக்குல சின்னதா ஒரு வீக்கம், நக்கிக்கிட்டே இருந்தான், டாக்டர் கீறி இடுக்கியால எடுத்துக் காட்டினப்போ அரை இஞ்ச்கூட இல்ல அது. அதுல இருந்து வீட்டுக்கு வந்ததும் காது, விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்காம உள்ள விடுறதில்ல.

மிஷன் பீக்கும் சேர்ந்த இந்த வட்டாரப் பூங்காக்கள், அதான் ஈஸ்ட் பே ரீஜினல் பார்க்ஸ்ல, பல இடத்துல கயிறு இல்லாமலே நாயை விடலாம்ங்கிறது பெரிய விஷயம், அமெரிக்காவுல நிறைய நேஷனல் பார்க்ல ட்ரெயில் பக்கமே நாயை விட மாட்டாங்க. இந்தச் சலுகை நிலைக்கணும்னா மேயுற மாட்டைப் பார்த்த உடனே கயிறு மாட்டுங்க. கழிவைப் பையில கட்டி, வர்றப்போ எடுத்துக்கலாம்னு பாதை ஓரமா வச்சுட்டுப் போறதையும் விடுங்க, யாரும் திரும்ப எடுக்கிறதில்ல.

கோடையில நாயோட நடக்கணும்னா ஓக்லாந்து ரெட்வுட் பார்க்குக்கு வாங்க, உச்சி வெயில்லயும் மரத்தடி ஜில்லுன்னு இருக்கும். அங்க ஓடையில மட்டும் நாயை இறக்காதீங்க, ரெயின்போ ட்ரவுட் மீன் முட்டை போடுற இடம். மிஷன் பீக்தான் வேணும்னா விடியக்காலைல பார்க் திறந்ததும் ஏறிடுங்க, நாய்க்குன்னு தனியா தண்ணி எடுத்துக்கோங்க, மேல குழாய் கிடையாது. பாதி வழியில அது படுத்துட்டா இழுக்காதீங்க, அங்கயே திரும்பிடுங்க. உச்சியில இருக்கிற கம்பத்துல ஏறி நின்னு போட்டோ எடுக்க நவம்பர்ல வந்துக்கலாம்.