எண்ணைப் பார்க்கிறார்கள், அட்டையைப் பார்ப்பதில்லை

1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 பேஸ்பால் சேகரிப்பு அட்டைகளில் முதலாம் எண்ணுக்குரிய, ஆண்டி பாஃப்கோ என்ற வீரரின் அட்டை என்னிடம் இருக்கிறது. அதை யாருக்காவது காட்டும் ஒவ்வொரு முறையும் மனம் நொந்துபோகிறது. பிளாஸ்டிக் உறையின் மேல்பகுதியில் தரமதிப்பீட்டு நிறுவனம் பத்துக்கு 2 என்று இட்ட தர எண்ணைக் கண்டதுமே, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்துச் சிறுவர்கள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்ததால், அடுக்கின் மேலேயே இருந்த பாஃப்கோதான் எல்லாத் தேய்மானத்தையும் தாங்கினார். என் அட்டையின் இரு ஓரங்களிலும் ரப்பர் அழுத்திய பள்ளம் இன்றும் தெரிகிறது. அதைப் பார்க்க ஒரு நிமிடம்கூடவா இல்லை? முதல் 80 அட்டைகளின் பின்புறம் கறுப்பு, சிவப்பு என இரு வகையாக அச்சானது; என்னுடையது சிவப்பு. இதுவரை ஒருவரும் திருப்பிக் காட்டச் சொன்னதில்லை.

போலிகளும், ஓரம் வெட்டிச் சீராக்கிய அட்டைகளும் புழங்கும் சந்தையில் தரமதிப்பீடு அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வரிசையைச் சேர்ந்த மிக்கி மேண்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன பிறகு, எண்ணையும் விலையையும் தவிர வேறு பேச்சே காதில் விழுவதில்லை.