"எடுக்கவில்லை" என்று எழுதிய பிள்ளைக்கு நான் குறைத்த இரண்டு மார்க்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பல வருஷம் பாடம் எடுத்தேன். நெறிமுறைப் பாடத்துக்கு இன்டர்னல் மார்க் போட்டதும் நான்தான். அப்படிப் போட்ட ஒரு மார்க் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பெண்கள் வார்டு. நைட் டியூட்டி முடிந்த காலை. இரண்டு வரிசைக் கட்டில்களை இரண்டு மாணவிகள் பார்த்திருந்தார்கள். ஒருத்தியின் பிபி சார்ட்டில் ஆறு மணிக் கட்டம் ஒன்றுவிடாமல் நிரம்பியிருந்தது. மற்றவள் மூன்று பேருக்கு நேரே "எடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு அம்மாவுக்கு விடாமல் வாந்தி, அவர் கூடவே நின்றுவிட்டேன் மேடம் என்றாள். வேலை முடியவில்லை என்று அவளுக்கு இரண்டு மார்க் குறைத்தேன். முதலாமவளுக்கு முழு மார்க்.

மதியம் ரவுண்ட்ஸ் போனபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மோளே, ராவிலே ஆரும் வந்து நோக்கியில்லல்லோ" என்றார். மகளே, காலையில் யாரும் வந்து பார்க்கவில்லையே என்று மலையாளத்தில். சார்ட்டை மறுபடி எடுத்தேன். 120/80. பக்கத்துக் கட்டிலுக்கும் 120/80. அந்த வரிசை முழுக்க அதே எண். முந்தின ராத்திரி அந்தப் பாட்டிக்கு 170 தாண்டியிருந்தது. மார்க் ஷீட் அதற்குள் ஆபீசுக்குப் போயிருந்தது. திரும்ப வாங்கித் திருத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை.

எழுத்துத் தேர்வில் நேர்மையைப் பற்றி வகுப்பிலேயே நன்றாக எழுதியவள் அந்த 120/80 பிள்ளைதான். அவள் கெட்டவள் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் அளப்பது எதை என்பதுதான் என் கேள்வி.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் ஒழுக்கத்தை நான்காகப் பிரித்தார். இங்கே ஒரு தப்பு நடக்கிறது என்று கண்ணில் படுவது, எது சரி என்று முடிவெடுப்பது, மற்ற ஆசைகளைவிட அதை மேலாக வைப்பது, கடைசிவரை நின்று செய்து முடிப்பது. இதில் இரண்டாவதை அளக்க அவரே ஒரு தேர்வை உருவாக்கினார். நம் தேர்வுகளும் அந்த இரண்டாவதிலேயே நின்றுவிடுகின்றன. 2013 முதல் ஐஏஎஸ் மெயின் தேர்வில் நெறிமுறைக்கென்று 250 மார்க்குக்கு ஒரு தாள் இருக்கிறது. அதிலும் பேனா பிடித்து எழுதுவதைத்தான் திருத்துகிறார்கள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் நின்று உதவுகிற, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. சிலருக்குக் கொடுத்த பிரசங்கத் தலைப்பே அந்தச் சமாரியன் கதைதான். பேசப் போகும் வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக்கொண்டிருக்கிறார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கையில் இருந்த தலைப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை.

அப்படியென்றால் அந்த ராத்திரி அவசரத்தை உண்டாக்கியது யார்? சம்பளமில்லாத ஆள் மாதிரி மாணவிகளை நைட் டியூட்டிக்கு நிறுத்திய நிர்வாகம். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த நாங்கள். ஆனால் 120/80 என்று எழுத வைத்தவர்களுக்கு மார்க் ஷீட்டில் ஒரு கட்டமும் கிடையாது.

சின்ன விஷயம்தானே, படிக்கிற பிள்ளைகள்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மருத்துவ வாரியங்கள் நடவடிக்கை எடுத்த 235 டாக்டர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மற்ற டாக்டர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் படிக்கும்போதே நடத்தை சரியில்லை என்று குறிக்கப்பட்டிருக்க ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்பு இருந்தது. அதிலும் முன்னே நின்றவை பொறுப்பின்மையும், சொன்னால் திருத்திக்கொள்ளாத குணமும். இரண்டுமே வார்டில் கூட நிற்பவர் கண்ணில் படுகிற விஷயங்கள்.

அதனால்தான் நோயாளியையும் கேளுங்கள் என்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். பிரிட்டனில் டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ள நோயாளிகளின் கருத்தையும் காட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மார்க் போடும் இடத்தில் அந்தப் பாட்டிக்கு நாற்காலி இல்லை.

நோயாளிகள் சிரித்துப் பேசினவளுக்குத்தானே மார்க் போடுவார்கள், எல்லையோரத்தில் தன் பாஷைக்காரியைத்தானே தூக்கிப் பிடிப்பார்கள் என்று சக ஆசிரியைகள் கேட்டார்கள். சரி, நியாயமான பயம். அதனால் மார்க் கேட்க வேண்டாம், நடந்ததை மட்டும் கேட்கலாம். இன்று காலை உங்கள் கையில் பிபி பட்டை கட்டினார்களா? ஊசி போடுவதற்கு முன் என்ன மருந்து என்று சொன்னார்களா? இரண்டு கேள்வி போதும்.

அப்புறம், "எடுக்கவில்லை" என்று உண்மையை எழுதும் பிள்ளைக்கு மார்க் குறைக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், விட்டதை உடனே எடுக்கச் சொல்லுங்கள், உண்மையை எழுதியதற்கு மார்க் போடுங்கள்.

அந்த இரண்டு கேள்விகளையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதம் இன்டர்னல் போடப்போகிற ஆசிரியைகள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.