ஜூ தாப்பிருக்குக் கணக்கு இல்லையா?

எங்கள் தோட்டப்புற வாட்ஸ்அப் குழுக்களில் தாப்பிரைப் பற்றி (நீண்ட மூக்குள்ள, பன்றி போன்ற உடம்புள்ள காட்டு மிருகம்) ஒரு செய்தி சுற்றுகிறது: "ஜூக்களில் தாப்பிருக்குக் கணக்கே கிடையாது, ஒன்று செத்தால் சத்தமில்லாமல் காட்டிலிருந்து இன்னொன்றைப் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள்." கூடவே, உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக ஒரு குட்டியின் படம், அது வேறு மிருகமாம்.

படம் தாப்பிர் குட்டியேதான். சில மாதங்களில் அந்தக் கோடுகள் மறைந்து, பெரிசுக்கு உள்ள கறுப்பு வெள்ளை வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். மலாயா தாப்பிருக்கு ஜூக்கள் சேர்ந்து வைத்திருக்கும் வம்சாவளிப் பதிவேடு உண்டு. ஆணா பெண்ணா, தாய் தகப்பன் எது, காட்டில் பிறந்ததா ஜூவில் பிறந்ததா, எங்கிருந்து எங்கே போனது, எப்போது செத்தது, எல்லாம் ஒரே எண்ணின் கீழ். ஜூ மாறினால் அங்கே உள்ளூர் எண் புதிதாகக் கிடைக்கலாம், ஆனால் பதிவேட்டு எண் மாறாது, செத்த பிறகும் வேறொன்றுக்குப் போகாது. ஆகவே தாய் தகப்பன் இல்லாமல் திடீரென்று முளைக்கும் தாப்பிர் உடனே கண்ணை உறுத்தும். நம் பாட்டிமார் கல்யாணத்துக்கு முறை பார்ப்பதுபோல, நெருங்கிய சொந்தம் ஜோடி சேராமல் தடுக்கவும் இதைத்தான் புரட்டுகிறார்கள். சினைக்காலமே சுமார் 13 மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி, அதனால் ஒவ்வொரு ஜோடியும் முக்கியம்.

காட்டிலிருந்து வருவதே இல்லையா? வழி தவறியது, சாலையில் அடிபட்டது என்று மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் (PERHILITAN) மீட்பவை உண்டு. அது மீட்பு, திருட்டுப் பிடிப்பு இல்லை. ஜூக்கள் தகவல் அனுப்பத் தாமதித்தால் பதிவேடும் பின்தங்கும்தான். அதை வைத்துக் கணக்கே இல்லை என்பது வெறும் கதை.