மார்மன் பெண்கள் எல்லாரும் சக்களத்திகளா?

மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ மதப் பிரிவு. ஒரு கணவனும் நாலு மனைவிகளும் வரும் 'சிஸ்டர் வைவ்ஸ்' என்ற அமெரிக்க ரியாலிட்டி தொடரின் துணுக்கு ஒன்றைப் போட்டு, "மார்மன் மதத்தில் இன்றும் ஒருவருக்கு நாலு மனைவி" என்று பரப்புகிறார்கள். தவறு. 2010-இல் தொடங்கிய அந்தத் தொடரில் வரும் குடும்பம், தாய்ச்சபையிலிருந்து பிரிந்துபோன ஓர் அடிப்படைவாதக் குழுவைச் சேர்ந்ததாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தத் தாய்ச்சபை, பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890-லேயே அறிவித்துவிட்டது. 1904-இல் அந்தத் தடையை இன்னும் கறாராக்கியது. இப்போது அப்படி மணந்தால் சபையிலிருந்து நீக்கம்தான்.

சரி, 2024-இல் வந்த 'தி சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் மார்மன் வைவ்ஸ்' ரியாலிட்டி தொடர்? அது டிக்டாக்கில் பிரபலமான சில இளம் தாய்மார்களின் கதை. அவர்களில் சிலர் சபைக் கட்டுப்பாட்டை மீறியதுதான் அதன் சரக்கே. அதில் அவர்கள் கையோடு வரும் பெரிய சோடா கோப்பை மட்டும் அசல்: மார்மன் சபையில் காபி, டீ, மது மூன்றும் விலக்கு என்பதால், கோலாவில் தேங்காய் சிரப்பும் கிரீமும் கலந்து குடிப்பது அங்கே சகஜம்.